தெப்பக்குளத்தை இருமுறை வரைந்தது: டிஜிட்டல் ஓவியப் பயிற்சி பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் பயின்றவனும் அதைப் பதிவு செய்தவனும் நானே என்பதை முதலில் சொல்லிவிடுவது முறையாகும். மதுரையில் ஓர் அச்சகத்தில் வடிவமைப்பாளராக வேலை பார்க்கிறேன். திருமண அழைப்பிதழ், காதணி விழா பிளெக்ஸ், கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி ஆகியவையே அன்றாட வேலை. போட்டோஷாப்பில் ஒருவர் முகத்தை வெட்டி இன்னோர் உடலில் பொருத்துவதற்குக் கை பழகியிருந்ததே தவிர, வெற்றுத் திரையில் ஒரு குடத்தை வரையச் சொன்னால் திகைத்து நிற்கும் நிலையில்தான் இருந்தேன். டிஜிட்டல் ஓவியம் கற்கத் தொடங்கிய புதிதில் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தின் மாலைக் காட்சியை வரைந்தேன். பத்து மாதம் கழித்து, அதே கரையில் அதே படியில் நின்று பார்த்த அதே காட்சியை மீண்டும் வரைந்தேன். இவ்விரண்டு ஓவியங்களுக்கும் இடையே செய்த பயிற்சிகளில் எவை பலன் தந்தன, எவை தரவில்லை, உடன் பயில்வோரின் கருத்து எந்தக் கட்டத்தில் வந்தபோது ஓவியம் உண்மையில் மாறியது என்பவையே இங்கு ஆராயப்படுகின்றன.

முதல் ஓவியம்

தெப்பக்குளம் 1645-இல் திருமலை நாயக்கர் காலத்தில் வெட்டப்பட்டது. ஏறத்தாழ 1000 அடி நீளமும் 950 அடி அகலமும் கொண்ட குளத்தின் நடுவே மைய மண்டபம் நிற்கிறது. பல ஆண்டுகள் நீரின்றிச் சிறுவர்கள் கிரிக்கெட் ஆடும் திடலாகக் கிடந்த குளம் நான் வரையப் போன சமயத்தில் நிறைந்திருந்ததால், மண்டபத்தை அதன் பிம்பத்தோடு சேர்த்து வரைய வேண்டும் என்ற ஆசை எழுந்தது. கீழ்க்கரையில் நின்று மேற்கே பார்த்தால், மாலையில் சூரியன் மண்டபத்துக்குப் பின்னால் இறங்கும். இந்தத் திசைக் கணக்கை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் நான் அதை வைத்துக்கொள்ளவில்லை.

கைப்பேசியில் எடுத்த படத்தைத் திரையின் ஓரத்தில் வைத்துக்கொண்டு, கிரிட்டா மென்பொருளில் 3508×2480 பிக்சல் அளவில், அதாவது அச்சகக் கணக்கில் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) ஏ4 தாளில், வேலையைத் தொடங்கினேன். முதல் நாளே படத்தைப் பலமடங்கு பெரிதாக்கித் தூண்களின் வேலைப்பாட்டை வரையப் புகுந்தேன். மண்டபத்தை முடித்ததும் அந்த லேயரை, அதாவது அது வரையப்பட்ட தனி அடுக்கை, பிரதியெடுத்து, தலைகீழாகப் புரட்டி, ஒளிபுகும் அளவைக் குறைத்துப் பிம்பம் என்று வைத்தேன். மாலை என்றால் ஆரஞ்சு என்பது என் எண்ணமாக இருந்ததால், வானம், மண்டபத்தின் முகப்பு, தண்ணீர் மூன்றுக்கும் ஆரஞ்சு பூசினேன். மூன்று வார இரவுகள் இதற்குச் செலவாயின. அச்சகத்தில் காட்டியபோது எல்லோரும் "சூப்பர்" என்றார்கள், வீட்டிலும் அப்படியே சொன்னார்கள். ஓவியத்தைப் பொறுத்தவரை அந்தப் பாராட்டுகளால் ஒரு பிக்சலும் மாறவில்லை.

பணி ஓய்வு பெற்ற அரசுப் பள்ளி ஓவிய ஆசிரியர் ஒருவர் அச்சகத்துக்கு அழைப்பிதழ் கொடுக்க வந்திருந்தார். திரையை அரை நிமிடம் பார்த்துவிட்டு அவர் கேட்டது இது: "தம்பி, இதுல நான் முதல்ல எங்க பார்க்கணும்?" எனக்குப் பதில் தெரியவில்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்க்கச் சொன்னார். நுணுக்கங்கள் மங்கியதும், வானமும் மண்டபமும் நீரும் ஒரே அழுத்தத்தில், அதாவது ஒரே ஒளி இருள் அளவில், குழைத்த களிமண் போல ஒன்றாகக் கலந்து நின்றன. அந்தக் கேள்வியிலிருந்துதான் பயிற்சி தொடங்கியது என்று கொள்ளலாம்.

குழுவும் கருவிகளும்

அவரையும் சேர்த்து நால்வர் ஆனோம். மற்ற இருவரில் ஒருவர் கல்யாண மேடை அலங்காரம் வடிவமைக்கும் என் நண்பர், இன்னொருவர் அனிமேஷன் படிக்கும் மாணவி. ஞாயிறு மாலைகளில் அச்சகத்தின் பின்னறையில் கூடினோம். நால்வரில் ஒருவரும் தேர்ந்த டிஜிட்டல் ஓவியர் அல்லர் என்பது முக்கியமானது. ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாது என்பதே குழுவின் மூலதனமாக இருந்தது.

கருவியில் இருந்த ஒரு குறையை, பயிற்சியைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே சொல்லியாக வேண்டும். என்னிடம் இருந்தது திரையில்லாத சிறிய பென் டேப்லெட். வீட்டு மானிட்டரோ 5:4 விகிதமுடைய பழையது. டேப்லெட்டின் வரைபரப்பு 16:10 விகிதத்தில் இருந்தது. முழுப் பரப்பையும் முழுத் திரைக்குப் பொருத்தியிருந்ததால், கை வட்டம் போட்டால் திரையில் நெட்டுவாக்கில் நீண்ட முட்டை வடிவம் விழுந்தது. பல வாரங்கள் என் கைதான் சரியில்லை என்று நம்பினேன். ஒரு ஞாயிறன்று மாணவி தன் வளையலைக் கழற்றி டேப்லெட்டின் மேல் வைத்து அதன் விளிம்பை ஒட்டிப் பேனாவைச் சுற்றிக் காட்டினார். திரையில் விழுந்தது முட்டை. "அண்ணே, தப்பு கையில இல்ல, செட்டிங்ல இருக்கு" என்றார். டேப்லெட்டை இயக்கும் டிரைவர் மென்பொருளின் அமைப்பில் விகிதத்தைக் காக்கும் பெட்டியைத் தேர்வு செய்ததும், டேப்லெட்டின் ஓர் ஓரம் பயனற்றுப் போனாலும் வட்டம் வட்டமாயிற்று. டிஜிட்டல் ஓவியம் தொடங்குகிற எவரும் முதல் நாளே இந்த வளையல் சோதனையைச் செய்துவிடுவது நல்லது.

குறுவரைவுகள்

ஆசிரியர் விதித்த முதல் பயிற்சி கணினிக்கு வெளியே நடந்தது. கோடு போடாத நோட்டில், பந்துமுனைப் பேனாவால், தீப்பெட்டி அளவே உள்ள கட்டங்களில், கருமை, சாம்பல், வெண்மை என மூன்றே அழுத்தங்களில் ஒரு காட்சியை ஐந்து நிமிடத்துக்குள் வரைய வேண்டும். ஓவியம் பயில்வோர் தம்ப்நெயில் என்று சொல்லும் இதைக் குறுவரைவு என்று குறிப்பிடுகிறேன். தீப்பெட்டிக்குள் தூணின் வேலைப்பாட்டை வரைய இடமில்லை. போட்டதை நீக்கிப் பின்செல்லும் அன்டூவும் பேனாவுக்கு இல்லை. ஆகவே, எது கருமை, எது வெண்மை என்பதைப் பேனா தாளைத் தொடும் முன்பே முடிவு செய்தாக வேண்டியிருந்தது. திரையில் இந்த முடிவை நான் எப்போதும் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் புரிந்தது. லேயர்களும் அன்டூவும் வசதிகள்தாம், ஆனால் முடிவெடுக்கத் தெரியாதவனுக்கு அவை முடிவெடுக்காமல் இருப்பதற்கான வசதிகளாகவும் அமைந்துவிடுகின்றன.

மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்திலும் டீக்கடை வாசல்களிலும் ஏறத்தாழ இரண்டு நோட்டுகள் நிரம்பின. பெரும்பாலானவை மோசமானவை. ஆனாலும் ஒரு மாற்றம் தெரிந்தது: பேருந்தின் நிறம் என்ன என்று பார்ப்பதற்கு முன், அதன் பக்கவாட்டு தரையைவிட இருட்டா வெளிச்சமா என்று பார்க்கும் பழக்கம் கண்ணுக்கு வந்தது.

ஆய்வு வரைவுகள்

ஸ்டடி என்று ஓவியர்கள் சொல்லும் பயிற்சியில், ஓவியத்தை முடிப்பது நோக்கமல்ல, ஒரு கேள்விக்கு விடை காண்பதே நோக்கம். எங்கள் குழுவில் ஒரு வரைவுக்கு ஒரே கேள்வி என்று வைத்துக்கொண்டோம், அந்தக் கேள்வியைப் படத்தின் மூலையிலேயே எழுதினோம். நான் அதிக நாள் செலவிட்ட கேள்வி, "நிழலில் உள்ள வெள்ளை என்ன நிறம்?" என்பது. அதற்குத் திருமலை நாயக்கர் மகாலைவிடப் பொருத்தமான இடம் மதுரையில் இல்லை. (மகால் கட்ட மண் எடுத்த பள்ளமே தெப்பக்குளம் ஆயிற்று என்று ஊரில் சொல்வதுண்டு. இரண்டு இடங்களும் என் பயிற்சியில் சேர்ந்துகொண்டது தற்செயல்தான்.) திறந்த முற்றத்தைச் சுற்றி நிற்கும் பருத்த வெண்சுதைத் தூண்களில், வெயில் படும் பக்கம் கண் கூசும். நிழற்பக்கமோ ஒரே சீரான இருட்டாக இருப்பதில்லை. முற்றத்துத் தரையில் பட்ட வெயில் எதிரொளித்து வளைவுகளின் அடிப்பரப்பை மெல்லிய இளமஞ்சளாக வெளிச்சமாக்க, வானத்தை நோக்கிய நிழற்பகுதிகள் நீலச் சாம்பலாக இருந்தன. தூண் ஒன்றேதான், அதன் வெள்ளையும் ஒன்றேதான், ஆனால் அதில் மூன்று நிறங்கள் தெரிந்தன.

அதே தூணைக் கைப்பேசிப் படத்திலிருந்தும் வரைந்து ஒப்பிட்டேன். கைப்பேசி வெளிச்சத்துக்கு ஏற்ப அளவைத் தானே சரிசெய்துகொள்வதால், ஒரு படத்தில் வெயில் பட்ட பக்கம் வெறும் வெள்ளைத் திட்டாகப் போயிருந்தது. இன்னொன்றில் நிழல் செயற்கையாக வெளுத்திருந்தது. வளைவின் அடியில் நான் நேரில் கண்ட எதிரொளி இரண்டிலும் ஏறத்தாழ இல்லை. படத்தைப் பார்த்து வரைவது தவறில்லை, ஆனால் நேரில் ஒருமுறையாவது வரைந்தவனுக்கே படத்தில் என்ன காணாமற்போயிருக்கிறது என்பது தெரியும். கோயில் கோயிலாகப் போய்ச் சிற்பத்தின் எதிரே அமர்ந்து வரைந்த ஓவியர் சில்பியின் கோடுகளில் உள்ள தெளிவு எங்கிருந்து வந்தது என்பது, மகால் முற்றத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தபின் ஓரளவு விளங்கியது.

இந்தக் கட்டத்தில் பெரிய சறுக்கல் ஒன்றும் நேர்ந்தது. வண்ண வரைவுகளில் ஒளி இருள் அழுத்தம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, படத்தைப் போட்டோஷாப்பில் திறந்து, அச்சகத்துப் பழக்கப்படி ஷிப்ட், கன்ட்ரோல், யூ மூன்றையும் அழுத்தி நிறத்தை நீக்கிப் பார்த்துவந்தேன். என் ஆரஞ்சு வானமும் நீல நிழலும் ஒரே சாம்பலாகத் தெரிந்தன. உடனே நிழலை மேலும் இருட்டாக்கினேன், வண்ணத்தில் பார்த்தால் அது கருகிப்போயிருந்தது. இரண்டு வாரம் இப்படியே போயிற்று. குறை படத்தில் இல்லை, அளவுகோலில்தான் இருந்தது. டிசாச்சுரேட் என்னும் அந்தக் கட்டளை சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று எண்களில் மிகப் பெரியதையும் மிகச் சிறியதையும் கூட்டிப் பாதியாக்குகிறது. அதன்படி தூய மஞ்சளும் (255, 255, 0) தூய நீலமும் (0, 0, 255) ஒரே நடுச் சாம்பலாக, அதாவது ஏறத்தாழ 128 ஆக மாறிவிடும். மனிதக் கண்ணுக்கோ மஞ்சள் வெள்ளைக்கு அடுத்த வெளிச்சம், நீலம் கருமைக்கு அடுத்த இருள். கண்ணின் உணர்திறனைக் கணக்கில் எடுக்கும், தொலைக்காட்சித் தரமான பிடி 709 (BT.709) வாய்பாட்டில் பச்சைக்கு 0.7152, சிவப்புக்கு 0.2126, நீலத்துக்கு 0.0722 என்று எடை தரப்படுகிறது. அதன்படி அதே மஞ்சள் 237 ஆகவும் நீலம் 18 ஆகவும் வருகின்றன. கிரிட்டாவின் டிசாச்சுரேட் வடிகட்டியில் இந்த முறையைத் தனியே தேர்ந்தெடுக்க முடியும் என்பதை மாணவி காட்டியபின், நான் திருத்திய நிழல்களில் பாதியைப் பழையபடி மாற்ற வேண்டியதாயிற்று.

நிறத்தைப் பற்றிய இன்னொரு பாடம் விரைவில் கிடைத்தது. ஆரஞ்சு வானத்தின் பக்கத்தில் வைத்த வெறும் சாம்பல் நீலமாகத் தெரியும். பாரிஸின் கோபிலின் நெசவாலையில் சாயப் பிரிவை நடத்திய செவ்ருல் 1839-இல் விரிவாக எழுதிவைத்த செய்திதான் இது. நிழல் நீலமாகத் தெரிகிறது என்பதற்காக வண்ண வட்டத்தில் நீலத்தை எடுத்துப் பூசியதே என் நிழல்கள் பொம்மைக்கடை நிறத்தில் அமைந்ததற்குக் காரணம். வெதுவெதுப்பைச் சற்றே குறைத்த சாம்பலே போதுமானதாக இருந்தது.

கருத்துச் சொல்லும் முறை

குழுவின் தொடக்க வாரங்களில் முடித்த படங்களைக் கொண்டுவந்து காட்டிக் கருத்துக் கேட்டோம். அது பயன்படவில்லை. பல இரவுகள் உழைத்து முடித்த படத்தில் மண்டபம் இடப்புறம் தள்ளி நின்றிருக்க வேண்டும் என்று ஒருவர் சொன்னால், கேட்பவருக்குத் தற்காப்பு உணர்வுதான் வருகிறது, திருத்தும் எண்ணம் வருவதில்லை. சொல்பவரும் அதை உணர்ந்து, விளிம்பைக் கொஞ்சம் மென்மையாக்கலாம் என்பது போன்ற சில்லறைக் கருத்துகளோடு நிறுத்திக்கொள்கிறார். 1885-இல் வான் கோ, உருளைக்கிழங்கு உண்போரைக் காட்டும் தம் ஓவியத்தின் கல்லச்சுப் பிரதியை நண்பரான ஓவியர் வான் ராப்பார்டுக்கு அனுப்பினார். ராப்பார்ட் மிகக் கடுமையாக விமர்சித்து எழுத, வான் கோ அந்தக் கடிதத்தையே திருப்பி அனுப்பினார், நட்பும் கசந்து முறிந்தது. ராப்பார்ட் பார்த்தது ஓவியத்தையல்ல, நினைவிலிருந்து கல்லில் வரைந்து, இடம் வலம் மாறி அச்சான பிரதியை மட்டுமே. அவ்வளவு பெரியவர்களுக்கே அப்படி நேர்ந்ததென்றால், பின்னறை நால்வருக்கு முறை ஒன்று தேவைப்பட்டதில் வியப்பில்லை.

நாங்கள் வந்து சேர்ந்த முறை இது. முடித்த படத்தைக் காட்டுவதை நிறுத்தி, குறுவரைவுகளையே முதலில் காட்ட வேண்டும் என்று வைத்தோம். வரைந்தவர் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும். மற்றவர்கள் ஒரு நிமிடம் பேசாமல் பார்த்துவிட்டு, எப்படி மாற்றலாம் என்பதை விடுத்து, தமக்கு என்ன தெரிகிறது என்பதைச் சொல்ல வேண்டும். "இது மண்டபமா தேரா என்று தெரியவில்லை" என்பது "தூணைத் திருத்து" என்பதைவிடப் பலமடங்கு பயனுள்ளது என்பது என் அனுபவம், ஏனென்றால் திருத்தும் வழியைத் தேடும் வேலை வரைந்தவனிடமே இருக்கிறது. எது நல்ல குறுவரைவு என்று வாக்கெடுத்துப் பார்த்ததும் உண்டு. நால்வர் கருத்தின் சராசரி யாருக்கும் பிடிக்காத படமாக வந்ததால் மூன்றே வாரத்தில் அதைக் கைவிட்டோம்.

ஒருவர் படத்தின் மேல் இன்னொருவர் புது லேயரில் வரைந்து காட்டும் மேல்வரைவு இருபுறமும் கூரான கத்தி. மகால் வளைவு ஒன்றின் மேல் மாணவி பத்தே நிமிடத்தில் வரைந்து காட்டியது அவ்வளவு நன்றாக இருந்ததால், அதன்மேலேயே கோடு பிடித்து நான் முடித்தேன். அந்தப் படத்தை எல்லோரும் பாராட்டினார்கள், ஆனால் அடுத்த வளைவை வரைய எனக்குத் தெரியவில்லை. அதன்பிறகு மேல்வரைவைப் பார்த்துவிட்டு அந்த லேயரை அழித்துவிட வேண்டும் என்பது விதியாயிற்று.

கூடி உட்கார முடியாத வாரங்களில் படங்களைக் கைப்பேசியில் அனுப்பிக்கொண்டோம். ஓர் இரவு ஆசிரியர் என் படம் முழுதும் மஞ்சள் பாரித்திருக்கிறது என்றார். நானும் ஒரு மணி நேரம் நீலத்தைக் கூட்டிக்கொண்டிருந்தேன். மறுநாள் பகலில் அதே படத்தைப் பார்த்தவர், "ஏன் தம்பி பச்சைத்தண்ணி மாதிரி ஆக்கிட்ட?" என்று கேட்டார். இரவில் கண்ணைக் காப்பதற்காக நீல ஒளியைக் குறைக்கும் அமைப்பு அவர் கைப்பேசியில் தானாகவே இயங்கிக்கொண்டிருந்திருக்கிறது. நிறத்தைப் பற்றிய கருத்தை ஒரே திரையின் முன் அமர்ந்துதான் சொல்ல வேண்டும், கைப்பேசி வழியாக வடிவத்தையும் அழுத்தத்தையும் பற்றி மட்டுமே பேசலாம் என்று அன்று முடிவு செய்தோம்.

இரண்டாம் ஓவியம்

பத்தாம் மாதம் தெப்பக்குளத்துக்குத் திரும்பப் போனபோது டேப்லெட்டை எடுத்துப் போகவில்லை. பழைய படியில் அமர்ந்து நோட்டில் பதினான்கு குறுவரைவுகள் போட்டேன். மூன்றாவதைப் போடும்போதே பழைய படத்தின் அடிப்படைப் பிழை தெரிந்துவிட்டது: சூரியன் மண்டபத்துக்குப் பின்னால் இருக்கிறது. எனக்கு எதிரே உள்ள முகப்பில் ஆரஞ்சு ஒளி பட வழியே இல்லை. அதன்மேல் படுவது என் முதுகுக்குப் பின்னாலுள்ள கிழக்கு வானத்தின் மங்கிய ஒளி மட்டுமே. ஆக, வானம் வெளிச்சம், மண்டபம் இருள், நீர் இடைப்பட்டது. மூன்று அழுத்தங்களும் காட்சியிலேயே தயாராக இருந்திருக்கின்றன. அழகான ஆரஞ்சு ஒன்றைக் கொண்டு அவற்றை நானே அழித்திருக்கிறேன்.

ஞாயிறன்று ஐந்து குறுவரைவுகளைக் குழுவின் முன் வைத்து, பிம்பம் நம்பும்படி இருக்கிறதா என்ற ஒரே கேள்வியைக் கேட்டேன். மேடை அலங்கார நண்பர், "மாப்ள, தண்ணிக்குள்ள இன்னொரு படத்தை ஒட்டின மாதிரி இருக்குடா" என்றார். காரணம் யாருக்கும் தெரியவில்லை. மறுநாள் போய்ப் பார்த்தேன். நீரில் தெரிவது நம் கண்ணுக்குத் தெரியும் காட்சியின் தலைகீழ்ப் பிரதி அன்று. நம் கண் நீர்மட்டத்துக்கு எவ்வளவு மேலே இருக்கிறதோ, அவ்வளவு கீழே இன்னொரு கண் இருந்து மேல்நோக்கிப் பார்த்தால் என்ன தெரியுமோ, அதுதான் பிம்பத்தில் தெரிகிறது. நேர்க்காட்சியில் மண்டபத்தின் தோளுயரத்துக்கு எழுந்து தெரிந்த எதிர்க்கரைக் கட்டடங்கள், பிம்பத்தில் அதன் இடுப்புக்குத் தாழ்ந்துவிட்டன. மேலும் தொலைவில் கண்ணாடியாக மின்னிய நீர், என் காலடிக்கு நெருங்க நெருங்க வானத்தை விட்டுவிட்டுத் தன் சொந்தக் கரும்பச்சையைக் காட்டியது. லேயரைப் புரட்டி வைத்தவனுக்கு இவற்றில் ஒன்றும் தெரிய வாய்ப்பில்லை. பிம்பத்தைத் தனியாகவே வரைந்தேன்.

இந்த முறை முதல் இரண்டு மணி நேரமும் படத்தை ஒருமுறைகூடப் பெரிதாக்கவில்லை. கிரிட்டாவில் M விசையை அழுத்திக் காட்சியை இடம் வலமாகப் புரட்டிப் பார்த்துக்கொண்டே பெரிய தூரிகையால் மூன்று அழுத்தங்களையும் நிறுத்தியபின்தான் நிறத்துக்கு வந்தேன். மூன்று மாலைகளில் படம் முடிந்தது. பழைய படத்தில் நான் வாரக்கணக்கில் வரைந்த தூண் வேலைப்பாடுகளில் பெரும்பகுதி இதில் இருட்டுக்குள் போய்விட்டது. அவற்றுக்காக வருத்தப்படவில்லை என்று சொன்னால் அது பொய்.

இது ஒரே ஒருவரின் அனுபவம் என்பதால், இதில் எந்தப் பயிற்சி எவ்வளவு பங்காற்றியது என்று பிரித்துச் சொல்ல இயலாது. ஆனால் இரண்டாம் ஓவியத்தில் ஏற்பட்ட பெரிய மாற்றங்களான ஒளியின் திசை, மூன்று அழுத்தங்கள், பிம்பம் ஆகிய மூன்றும் குறுவரைவு நிலையிலேயே முடிவானவை என்பதைக் கோப்புகள் காட்டுகின்றன. நிறம் பூசத் தொடங்கியபின் கிடைத்த கருத்துகளால் மாறியவை மண்டப உச்சியின் விளிம்பும் ஒரு மரக்கிளையும் மட்டுமே.

மனித உருவங்களில் முன்னேற்றம் ஏதும் இல்லை. இரண்டாம் ஓவியத்தின் வலது மூலைப் படியில் ஒருவரை உட்கார வைத்திருந்தேன். ஆசிரியர் இம்முறை எங்கே பார்க்க வேண்டும் என்று கேட்கவில்லை. நேராக மண்டபத்தைப் பார்த்தார், பிறகு நீரைப் பார்த்தார், கடைசியில் அந்தப் படிக்கு வந்தார். "இவரு உட்கார்ந்திருக்காரா, படிக்கு மேல மிதக்குறாரா?" என்றார். மூன்றாவது நோட்டு இப்போது மாட்டுத்தாவணியில் பேருந்துக்குக் காத்து உட்கார்ந்திருப்பவர்களால் நிரம்பிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் எழுதியிருக்கும் கேள்வி, உடம்பின் எடை எங்கே இறங்குகிறது என்பது.